செத்தவீட்டுச் சனம்

அக்னெஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது றோசலினுக்குக் குரல் வரவில்லை. தடிமன் காய்ச்சல் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்னெஸ் தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது "போட்டு வாறன் அக்கா" என்று சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசிய தமிழ். அதற்குப் பிறகு திங்கள் காலை, மூலையில் இருக்கும் டெப்பனர் கடையில் பாலுக்குக் காசு கொடுத்தபோது பிரெஞ்சில் ஒரு போன்ஜூர், ஒரு மெர்சி. இப்போது செவ்வாய் மத்தியானம். திறக்காமல் கிடந்த தொண்டையிலிருந்து முதலில் ஒரு கரகரப்புத்தான் வந்தது. மறுமுனையில் அக்னெஸ், என்ன இந்த நேரத்தில் நித்திரையா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டாள் றோசலின். பேச ஆளில்லாமல் குரல் அடைத்துப் போனது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மரியதாசன் போன ஒக்டோபரில் இறந்தார். ஒரே மகன் கனடாவின் மேற்கே, கல்கரியில். சனி பின்னேரம் தவறாமல் தொலைபேசி எடுப்பான், மருந்து போட்டீங்களா என்று கேட்பான், பிறகு அவனுக்கும் அவளுக்கும் கேட்க ஒன்றும் இருக்காது. நகரத்தின் வடக்கே மொன்றியல் நோரில், மூன்றாம் மாடியில் இந்த வாடகை வீட்டில் அவள் இருபத்தைந்து வருடமாக இருக்கிறாள். தனியாக இருப்பது எப்படி என்பதை இந்தக் குளிர்காலத்தில்தான் கற்றுக்கொண்டாள், அதுவும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஜனவரியில் ஒருநாள் கட்டடத்தின் நெருப்பு மணி சும்மா அடித்தது. எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி உறைபனியில் நின்றார்கள். இரண்டாம் மாடி ஹெயிட்டிக்காரி தன் போர்வையில் பாதியை எடுத்து றோசலினின் தோளிலும் சுற்றிவிட்டு, பிரெஞ்சில் யாரையோ வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தீயணைப்புக்காரர்கள் வந்து ஒன்றுமில்லை, போகலாம் என்றபோது எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். றோசலின் மட்டும் சந்தோசப்படவில்லை. அந்த மணி இன்னொரு முறை அடிக்காதா என்று அவள் அதற்குப் பிறகு பல தடவை நினைத்திருக்கிறாள். நினைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள்.

இப்போது அக்னெஸ் எடுத்தது வேறு விடயத்துக்கு. வருகிற ஞாயிறு ஆலங்கரை மக்கள் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம். ஆலங்கரை என்பது மன்னார்க் கரையோரம் இவர்கள் எல்லாரும் பிறந்த ஊர். ஒன்றியம் என்பது இங்கே நத்தாருக்கு ஒளிவிழா வைக்கவும், கோடையில் ஒன்றுகூடவும், முக்கியமாக யாராவது செத்தால் சேர்ந்து நிற்கவும் அவர்கள் வைத்திருக்கும் சங்கம். அந்தச் சங்கத்தில் தனி அங்கத்தவளாக இருந்த பிரியந்தி இந்த வருடம் குடும்பச் சந்தா அனுப்பிவிட்டாள். அவள் இரண்டு வருடத்துக்கு முன் நீதிமன்றக் கட்டடத்தில் கையெழுத்து வைத்துக் கலியாணம் செய்தவள். கட்டியது தாட்சாயினி என்ற பெண்ணை. நாட்டுச் சட்டம் இதையெல்லாம் இருபது வருடத்துக்கு முன்னமே ஏற்றுக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. ஆனால் ஆலங்கரை மக்கள் ஒன்றியத்தின் சட்டம் லேசுப்பட்டதா? அதன் யாப்பில், அதாவது சங்க விதிப் புத்தகத்தில், குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று எழுதியிருந்தது. பொருளாளர் தலையைச் சொறிந்துகொண்டு தலைவரிடம் கொண்டுபோனார். தலைவர் தேவதாசன் யாருடைய மனமும் நோகக்கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருப்பவர். அவர் அதைப் பொதுக்கூட்டத்தின் தலையில் கட்டினார். யாப்பை மாற்றுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. வீட்டுக்கு ஒரு வாக்கு, இரகசிய வாக்கு.

"உன்ர வீட்டு வோட்டு இப்ப உன்ர கையில, றோசலின்," என்றாள் அக்னெஸ். "மரியதாசன் இருந்தா என்ன செய்வாரோ அதைச் செய்."

மரியதாசன் என்ன செய்வார் என்பதில் றோசலினுக்குச் சந்தேகம் இல்லை. அவர் எழுந்து நின்று கால் மணி நேரம் பேசி, வேண்டாம் என்று வாக்குப் போட்டிருப்பார். வீட்டில் அளந்து பேசுகிற மனிதர், சங்கத்தில் மட்டும் வாய் ஓயமாட்டார். அவர் பேசி இவள் கேட்டதும் இல்லை. பொதுக்கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவள் குசினிக்குள் நின்று மீன் ரோல்ஸ் பொரித்தாள், தேத்தண்ணீர் ஊற்றினாள். கைதட்டல் கேட்டால் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். முப்பத்தைந்து வருடமாக அப்படி. இப்போது அறுபத்து நாலு வயதில், அவளிடம் ஒரு வாக்கு இருக்கிறது என்று ஒருத்தி சொல்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யோசிக்கிறன் அக்கா என்றாள்.

அப்படிச் சொன்னதுதான் வினை. யோசிக்கிறாள் என்ற செய்தி அக்னெஸ் மூலம் எப்படியோ பரவி, அன்று பின்னேரமே இரண்டு அழைப்புகள் வந்தன. ஒருவர் வேதாகமத்திலிருந்து அதிகாரம், வசனம் சொன்னார். மற்றவருடைய மகள் வழக்கறிஞர். அவர், இப்படிப் பிள்ளைகளை விலக்கினால் நாளைக்கு யார் சங்கத்துக்கு வருவார்கள் என்று கேட்டார். புதன்கிழமை இன்னும் மூன்று பேர். இரு பக்கத்தாரும் வாக்குகளை எண்ணிப் பார்த்திருந்தார்கள். எண்ணிக்கை நெருக்கமாக இருந்தது. எல்லாரும் முதலில் அவளுடைய முழங்கால் நோவை விசாரித்தார்கள், மரியதாசனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள், ஒருவருடைய மனைவி கணவாய்க் கறி வைப்பது எப்படி என்று அவளிடம் கேட்டு அரை மணித்தியாலம் கதைத்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் இவ்வளவு பேச்சுக்குரல் கேட்டதில்லை. றோசலின் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: யோசிக்கிறன். முடிவெடுத்துவிட்டால் தொலைபேசி அடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஞாயிறு வரைக்கும் யோசிப்பது என்று தீர்மானித்துவிட்டாள்.

உண்மையில் முதல் இரண்டு நாளும் அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பூசைக்குப் போகிறவள், செபமாலை சொல்கிறவள். இரண்டு பெண்கள் புருசன் பெண்சாதியாக இருப்பது அவளுக்கு விளங்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் அக்னெஸ். அக்னெஸ் இல்லாவிட்டால் றோசலினுக்குப் பூசை இல்லை, தமிழ்க் கடை இல்லை, டொக்டரிடம் போக வழி இல்லை. மரியதாசன் போனதிலிருந்து அவளுடைய வாரம் முழுவதும் அக்னெஸின் கார்க் கதவுக்குள்தான் இருந்தது. அக்னெஸ் நல்லவள், கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவாள். ஆனால் மனம் முறிந்தால் முறிந்ததுதான். போன வருடம் அந்தோனியார் திருநாளில் கொடி பிடிப்பதில் வந்த ஒரு சின்ன வாய்த்தர்க்கத்தில், அதுவரை கூட ஏற்றிக்கொண்டு போன றொஷினியின் தாயைக் காரில் ஏற்றாமல் விட்டாள். றொஷினியின் தாய் அன்றிலிருந்து வீட்டில் இருந்து டிவியில் பிரெஞ்சுப் பூசை பார்க்கிறாள்.

வியாழன் பின்னேரம் பிரியந்தி வந்தாள். வரலாமா அன்ரி என்று எடுத்துக் கேட்டுவிட்டு, வேலை முடிந்து பஸ்ஸில் வந்தாள். பல் வைத்தியரிடம் வேலை. சிரித்தால் அழகான பற்கள். அன்றைக்கு அவள் அதிகம் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஏப்ரல் மாதத்துச் சேறு காலில் பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மரியதாசனின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். றோசலின் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லியும்விட்டாள்: தனக்கு இது சரியென்று படவில்லை, பொய் சொல்ல விருப்பமில்லை.

பிரியந்தி அதற்குக் கோபப்படவில்லை. சரியென்று படவேண்டும் என்று கேட்க வரவில்லை என்றாள். தாட்சாயினியின் வீட்டார் அவளை முழுக்கத் தலைமுழுகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பம். இதே நகரத்தில், ரொக்ஸ்பரோவில், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள், தெருவில் கண்டால் மறுபக்கம் போகிறார்கள். தாட்சாயினிக்கு ஒரு கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. மற்றவர்களுடைய பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகமாட்டோம் என்று அழுமாம். பிரியந்தி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் முதல்ல போனா எங்கட சனம் எனக்கு வரும் அன்ரி. அம்மா அப்பாவுக்கு வந்த மாதிரி. தூக்குவினம், செபம் சொல்லுவினம். ஆனா அவளை ஆரெண்டு கேக்கமாட்டினம். சாப்பிட்டியா எண்டு கேக்கமாட்டினம். அவள் முதல்ல போனா எனக்கு ஒரு செத்தவீடே இல்லை."

பிரியந்தியின் தாயின் செத்தவீடு றோசலினுக்கு நினைவு வந்தது. அன்று சுவரோடு ஒரு பெண் ஒதுங்கி நின்றாள். கூட வேலை செய்கிற யாரோ என்று நினைத்து றோசலின்தான் அவளைக் கூப்பிட்டுத் தேநீர்த் தட்டைக் கையில் கொடுத்து, பிள்ளை, இதை எல்லாருக்கும் கொடு என்று சொன்னாள். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாருக்கும் கொடுத்தாள். அதுதான் தாட்சாயினி என்று பிறகுதான் தெரிந்தது.

மரியதாசனுடைய செத்தவீட்டையும் அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு வருவதற்குள் சனம் வந்துவிட்டது. அடுப்பை யாரும் பற்றவைக்க விடவில்லை. அலுமினியத் தட்டுகளில் சோறும் மரக்கறியும் வந்து குசினி மேசை கொள்ளாமல் வெளிப் படிக்கட்டில் வைத்தார்கள். பாய் போட்டுப் பெண்கள் சுற்றிப் படுத்தார்கள். கதிரை போதாமல் ஹெயிட்டிக்காரி தன் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த நாட்களில் றோசலின் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கவில்லை. கொஞ்சம் தனியாக விடமாட்டார்களா என்றுகூட ஏங்கினாள். முப்பத்தோராம் நாள் பூசையும் சாப்பாடும் முடிந்தது. பாத்திரங்களைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு எல்லாரும் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்களில் அக்னெஸைத் தவிர ஒருவரும் பிறகு இந்தப் படியேறவில்லை. அந்தக் கோபம் அவளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அன்று பிரியந்திக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"வந்த சனம் போயிடும் பிள்ளை," என்றாள். "பெரிசா ஒண்டும் எதிர்பார்க்காத."

"வந்துபோட்டுத்தானே அன்ரி போகும்," என்றாள் பிரியந்தி.

அவள் போன பிறகும் றோசலின் கோப்பைகளைக் கழுவவில்லை. மேசையில் இரண்டு கோப்பை இருப்பது பார்க்க நன்றாக இருந்தது. அன்றுதான் அவள் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினாள். பாவமா புண்ணியமா என்று அவளால் தீர்க்க முடியவில்லை. அதைச் சுவாமிமார் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி செத்து, மற்றவள் அந்தப் பின்னேரம் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதும், ஒருவரும் வராமல் இருப்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வந்துவிட்டுப் போனதற்கே அவள் இந்தக் குளிர்காலத்தை இப்படிக் கழித்தாள். வராமலே இருந்திருந்தால்? அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை ஒரு நல்ல வழி பிடிபட்டது. இரகசிய வாக்குத்தானே. மாற்றுங்கள் என்று போட்டுவிட்டு, அக்னெஸிடம் வேண்டாம் என்று போட்டதாகச் சொன்னால் என்ன? அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வாக்குக் கிடைக்கும், அக்னெஸின் காரும் மிஞ்சும். சின்னப் பொய், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். அன்று எடுத்த இரு பக்கத்தாருக்கும் அவள் ஓம், உங்கட பக்கம்தான் என்றாள். இத்தனை வயதில் தனக்கு இவ்வளவு கள்ளமூளை இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது. அடுத்த நாள் காலை மரியதாசனுக்குப் பிடித்த ஊதாச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. காரில் அக்னெஸ் உற்சாகமாக இருந்தாள். அவளுடைய கணவர் இரவெல்லாம் டாக்ஸி ஓடிவிட்டு வீட்டில் நித்திரை. அந்த வீட்டு வாக்கு என்றைக்கும் அக்னெஸின் கையில்தான். பங்குக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்துக்கு அவர்கள் இறங்கியபோது வாசலில் செயலாளர் றெக்ஸ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஊரையே காணாமல் இங்கே வளர்ந்தவன், எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்று நிற்பவன். குடும்பச் சந்தா கட்டிய வீட்டுக்கு ஒன்றாக நீல வாக்கு அட்டை கொடுத்தான். அக்னெஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். றோசலின் கை நீட்டினாள். றெக்ஸ் அட்டையைக் கொடுக்காமல் சங்கடத்தோடு எழுந்து நின்றான்.

அவன் சொன்னது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மரியதாசன் இறந்தபோது, பாவம், தனி மனுசி என்று நிர்வாகசபை அவளுக்குச் சந்தாவைப் பாதியாகக் குறைத்து அவளைத் தனி அங்கத்தவர் ஆக்கியிருந்தது. நல்ல மனத்தோடு செய்ததுதான். ஆனால் யாப்பை மாற்றுகிற வாக்கெடுப்பில் தனி அங்கத்தவர்களுக்கு வாக்கு இல்லை. கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. இந்த விதி ஒருவருக்கும் நினைவில் இல்லை. இத்தனை வருடமாக யாரும் யாப்பில் கைவைத்ததில்லை. றெக்ஸ்தான் இதற்காக முழுவதையும் இருந்து வாசித்துக் கண்டுபிடித்திருக்கிறான்.

"ஆர் தம்பி இப்பிடி எழுதினது?" என்று கேட்டாள் றோசலின்.

றெக்ஸ் குரலைத் தாழ்த்தினான். "மரியதாசன் அண்ணைதான் அக்கா பிரேரிச்சவர். தொண்ணூறாம் ஆண்டு."

அவளுக்கு அந்தக் காலம் நினைவிருந்தது. சண்டைக்குத் தப்பி வந்த இளம் பொடியன்கள் ஒரு வீட்டுக்கு எட்டுப் பத்துப் பேராக இருந்தார்கள். குடும்பங்கள் சொற்பம். பொடியன்கள் கைதூக்கினால் சங்கமே அவர்கள் பக்கம் போய்விடும் என்று குடும்பக்காரர் பயந்தார்கள். அன்று மரியதாசன் எழும்பிப் பேசியிருப்பார். நல்லாகத்தான் பேசியிருப்பார்; வெளியே கைதட்டல் கேட்டிருக்கும், அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். அந்தப் பொடியன்கள் எல்லாரும் பிறகு கலியாணம் கட்டி, குடும்பமாகி, இப்போது வயிறு வைத்து முன்வரிசையில் நீல அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். விதி மட்டும் அப்படியே காத்திருந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கோபம் வந்தது. இறந்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? வாழ்ந்த காலத்திலேயே அவள் அதைச் சரியாகச் செய்ததில்லை.

தனி அங்கத்தவர்களுக்கு மண்டபத்தின் பக்கவாட்டில், சுவரோரமாக ஒரு வரிசைக் கதிரை போட்டிருந்தார்கள். எல்லாரும் பார்க்கக்கூடிய இடம். அங்கே கலியாணமே கட்டாத ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அடுத்தது பிரியந்தி. அவளுக்குப் பக்கத்தில், அங்கத்தவராக இல்லாமல் பார்வையாளராக வந்திருந்த தாட்சாயினி. றோசலின் வருவதைக் கண்டு தாட்சாயினி எழுந்து தன் கதிரையைக் கொடுத்துவிட்டு அடுத்ததில் மாறி உட்கார்ந்தாள். மண்டபத்தின் நடுவிலிருந்து அக்னெஸ் திரும்பிப் பார்த்து, என்ன நடந்தது என்று கையால் கேட்டாள். றோசலின் கையை விரித்தாள்.

செபம் சொன்னார்கள். போன பொதுக்கூட்டத்துக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மௌனமாக நின்றார்கள். மரியதாசனின் பெயர் வந்தபோது பலர் அவள் பக்கம் கனிவோடு பார்த்தார்கள். பிறகு விடயம் எடுக்கப்பட்டது. வேதாகமம் வந்தது, வழக்கறிஞர் மகளின் கதை வந்தது, சிலர் ஆளையாள் இடைமறித்தார்கள். தேவதாசன் இரண்டு கையையும் உயர்த்தி உயர்த்தி அமர்த்தினார். அக்னெஸ் பேசியது எல்லாரையும்விட அமைதியாக இருந்தது. அவளுக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் இல்லை என்றாள், பிரியந்தியின் தாய் தன்னோடு ஒன்றாகப் படித்தவள் என்றாள்.

"ஆரும் அவளை வெளியில போகச் சொல்லேல்லை. இப்ப இருக்கிற மாதிரி இருக்கட்டும், எல்லாத்துக்கும் வரட்டும். குடும்பம் எண்டு எங்களை எழுதச் சொல்லாதேங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

கைதட்டினார்கள். பிரியந்தி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாட்சாயினி யாரையும் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரில் சிறுவர்கள் வரைந்து ஒட்டியிருந்த உயிர்த்த ஞாயிற்றுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்குக்கு முன்னால் பக்க வரிசையில் இருப்பவர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று தேவதாசன் முறைக்குக் கேட்டார். கிழவர் கண் திறக்கவில்லை. பிரியந்தி தலையை அசைத்து மறுத்தாள்.

அட்டை இருந்திருந்தால் மடித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவளுடைய திட்டம் எவ்வளவு நல்ல திட்டம். இப்போது றோசலின் சொன்னால் அக்னெஸுக்கு முன்னால்தான் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கார் வராத ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தாள். தொலைபேசி அடிக்காத செவ்வாய்க்கிழமைகளை நினைத்தாள். பயமாக இருந்தது. பயந்தபடியே எழுந்தாள். அவள் குசினிக்குப் போக எழும்புகிறாள் என்று நினைத்து, தேத்தண்ணீருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இரு என்று அக்னெஸ் நடுவிலிருந்து சைகை காட்டினாள்.

"அவர் செத்த கிழமை என்ர வீட்டில அடுப்பெரியேல்லை," என்றாள் றோசலின். மண்டபம் அவள் பக்கம் திரும்பியது. "நீங்கள்தான் சோறு கொண்டு வந்தனீங்கள். அக்னெஸ் அக்காதான் எனக்குத் தலை இழுத்துக் கட்டிவிட்டவ. நான் மறக்கேல்லை. இந்தப் பிள்ளையளின்ர விசயம் எனக்கு விளங்கேல்லை. விளங்காமல்தான் சொல்லுறன். அந்த வீட்டிலயும் ஒருநாள் ஒராள் தனிய மிஞ்சும். அண்டைக்கு அங்க போகத் தேவையில்லையெண்டு இப்பவே எழுதி வைக்காதேங்கோ."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. அக்னெஸ் நீண்ட நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்பக்கம் திரும்பினாள்.

வாக்கெடுப்புத் தொடங்கியது. வரிசை வரிசையாக எழுந்து போய் நீல அட்டையில் குறியிட்டு, மேசையில் இருந்த பெட்டியில் போட்டார்கள். அக்னெஸ் நடுவில் போனாள். குறியிட மற்றவர்களைவிட அவளுக்கு நேரம் எடுத்தது. போட்டவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு, முடிவு சொல்லும்வரை நிற்காமல் படியேறி வெளியே போய்விட்டாள். றெக்ஸ் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினான். றோசலின் தன் கைப்பையைத் தேடி எடுத்தாள். முடிவை அறிய அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"நாங்கள் பஸ்ஸில கொண்டுபோய் விடுறம் அன்ரி," என்றாள் தாட்சாயினி. அவள் றோசலினோடு பேசிய முதல் வார்த்தை அது. "இருங்கோ. முடிவு சொல்லட்டும்."

"இல்லைப் பிள்ளை. நான் அக்னெஸ் அக்காவோட வந்தனான்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். கீழே யாரோ எண்ணிக்கையைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லும் சத்தம் கேட்டது. கனமான கதவைத் தோளால் தள்ளி வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. அக்னெஸின் கார் தெருவோரத்தில் இஞ்சின் ஓடியபடி நின்றது. அக்னெஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். தனக்காகத்தான் நிற்கிறாளா, இல்லை போகப் புறப்பட்டுப் போகாமல் இருக்கிறாளா என்று றோசலினுக்குத் தெரியவில்லை. அவள் நடைபாதையைக் கடந்து பக்கக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். கண்ணாடிக்கு உள்ளே அக்னெஸ் திரும்பவில்லை. வைப்பர் மட்டும் மழையில்லாத கண்ணாடியில் கிறீச்சிட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.